மருந்து ஏறிய நாளிலிருந்து எண்ணுங்கள்

அக்காவுக்கு வந்தது வேகமாக வளரும் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். ஃபைலில் டிஎல்பிசிஎல் என்று எழுதியிருந்தது. இந்த ரகத்தில் அதிகம் பேருக்கு வருவது அதுதான். ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு, 21 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 6 தடவை. கூடவே இருந்தவன் நான். சிக்கல்கள் பெரும்பாலும் நாள் பார்த்துத்தான் வருகின்றன என்பது இரண்டாவது தடவையில்தான் எனக்கு உறைத்தது. மருந்து ஏறும் நாளைக் காலண்டரில் 1 என்று எழுதி, அங்கிருந்து எண்ணுங்கள்.

தொடங்குவதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி சோதனையும் இதயத்துக்கு எக்கோவும் முடிந்துவிட்டனவா என்று கேளுங்கள். ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்சிமாப் என்ற மருந்து உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் கிருமியைக் கிளப்பிவிடலாம்; அதே கூட்டில் உள்ள டாக்ஸோரூபிசின் இதயத்தைத் தளர்த்தலாம்.

முதல் தடவையில் முதல் சில நாட்கள் சிறுநீரகத்தைக் கவனியுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் செல்கள் மொத்தமாக உடைந்து பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் ஏறும். அதற்காகத்தான் சலைனும் அலோபியூரினால் மாத்திரையும். சிறுநீர் குறைந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே சொல்லுங்கள். சிறுநீர் சிவப்பாகப் போனால் மட்டும் பயம் வேண்டாம், ஒன்றிரண்டு நாளைக்கு அது டாக்ஸோரூபிசினின் நிறம். இதை யாரும் முன்பே சொல்லாததால் அக்கா போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

1 முதல் 5-ஆம் நாள் வரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. காலையிலேயே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கம் போய்விடும். சர்க்கரையும் ஏறும்.

உண்மையான கண்டம் 7 முதல் 14 வரை. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், அதாவது 38 செல்சியஸ், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். மூன்றாவது தடவை, 10-ஆம் நாள், இரவு 11 மணிக்கு அக்காவுக்கு 100.8. "காலையில பாத்துக்கலாம்டா" என்றாள். கேட்காமல் இழுத்துப் போனேன். போன இடத்தில் மற்ற காய்ச்சல்காரர்களோடு வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அரை மணி கழித்து நானே போய், "கீமோ போட்டு பத்தாவது நாள், காய்ச்சல்" என்றேன். அப்புறம்தான் உள்ளே ஓடினார்கள். அந்த வாக்கியத்தை வாசலிலேயே முதலில் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறவேண்டிய நிலைமை அது.

கூட்டில் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின் விரல்களில் கொடுக்கும் மரமரப்பு மெதுவாகத்தான் வரும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று ஒவ்வொரு தடவைக்கும் முன் பாருங்கள். தடுமாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். மலச்சிக்கலுக்கும் அதுவே காரணம்.

சரி, பிழைப்போமா? இதை எல்லோரும் முதல் நாளே கேட்கிறார்கள், நானும் கேட்டேன். ஆர்-சாப் மட்டுமே பாதிக்கு மேற்பட்டவர்களை முழுதாகக் குணப்படுத்திவிடுகிறது. ஆனால் வயது 60-ஐத் தாண்டியதா, ரத்தத்தில் எல்டிஹெச் என்ற நொதி கூடியிருக்கிறதா, நோய் மூன்றாம் நான்காம் கட்டமா, நிணநீர் முடிச்சுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறதா, ஆள் எழுந்து நடமாடுகிறாரா, இந்த ஐந்தையும் பார்த்துத்தான் ஒவ்வொருவருக்கும் கணக்கு மாறும். இந்த ஐந்தில் உங்களுக்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். பொதுவான சதவீதத்தைவிட அது பயன்படும்.

கடைசி கீமோ முடிந்த கையோடு பெட் ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள். 6 முதல் 8 வாரம் பொறுத்தால்தான் ஆறிவரும் புண்ணையும் மிச்சமிருக்கும் நோயையும் பிரித்துப் பார்க்க முடியும். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள். திரும்பினாலும் ஸ்டெம் செல் மாற்று உண்டு, நோயாளியின் சொந்த ரத்த அணுக்களையே மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையும் 2017 முதல் உண்டு. 2 வருடம் சுத்தமாகக் கடந்தவர்களின் ஆயுள் ஏறக்குறைய அதே வயதுக்காரர்களின் ஆயுள்தான்.

அக்காவுக்குச் சிகிச்சை முடிந்து இப்போது 14-வது மாதம். இரவில் உடை நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, புதுக் கட்டி, இவை வந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் தினமும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். தினமும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை.