குழுப் படத்தில் விடுபட்டவரைச் சேர்ப்பது எப்படி

குடும்பப் படத்தில் ஒருவர் மட்டும் இல்லை, வேறொரு படத்திலிருந்து அவரை எடுத்துச் சேர்த்துத் தாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். கையோடு ஒரே ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். வெட்டி எடுப்பதை இன்றைய மென்பொருள் சில நொடிகளில் முடித்துவிடும். ஒட்டு வேலை காட்டிக்கொடுப்பதும் கொடுக்காததும் பெரும்பாலும் படத்தேர்விலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் அந்த நபரின் படங்கள் எத்தனை கிடைக்குமோ அத்தனையையும் முதலில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதும் மூக்கைப் பாருங்கள். மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் விழுகிறது, அதன் ஓரம் கூர்மையாக இருக்கிறதா மங்கலாக இருக்கிறதா என்பதைக் குழுப் படத்தில் இருப்பவர்களோடு ஒப்பிடுங்கள். திசை மட்டும் மாறியிருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் தலை வகிடு, சட்டைப் பை, கைக்கடிகாரம் எல்லாம் பக்கம் மாறிவிடும். சட்டையில் எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். ஃபிளாஷ் போட்டு நேருக்கு நேர் எடுத்த முகத்தை மரநிழலில் எடுத்த கூட்டத்துக்குள் வைக்க முயலாதீர்கள். எவ்வளவு உழைத்தாலும் அது ஒட்டாது.

அடுத்தது கேமராவின் உயரம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சமதரையில், நிற்பவரின் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுத்தால், அருகில் நிற்பவர், தள்ளி நிற்பவர் யாராக இருந்தாலும் கண்கள் ஏறக்குறைய அடிவானக் கோட்டிலேயே அமையும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் அந்தக் கோடு எல்லோருடைய இடுப்பையும் வெட்டும். நீங்கள் சேர்ப்பவரையும் அதே கோடு அதே இடத்தில் வெட்ட வேண்டும். மேலிருந்து குனிந்து எடுத்த படம் என்றால் ஒதுக்கிவிடுங்கள். அளவிலும் ஒரு கணக்கு உண்டு: பெரிய படத்தைச் சுருக்கலாம், சிறியதை இழுத்துப் பெரிதாக்கினால் முகம் குழைந்துவிடும்.

இனி வெட்டுவது. ஃபோட்டோஷாப்பில் ‘செலக்ட் சப்ஜெக்ட்’, இலவசமான கிம்ப்பில் ‘ஃபோர்கிரவுண்ட் செலக்ட்’ போதும். அழிப்பானைத் தொடாதீர்கள். வெட்டியவரை லேயர் என்னும் தனி அடுக்கில் வைத்து, அதற்கு லேயர் மாஸ்க் போடுங்கள்; அது வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை. மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்; தவறினால் திரும்பப் பெறலாம். ஓரத்தில் பழைய பின்னணியின் நிறம் மெல்லிய கோடாக ஒட்டியிருக்கும். மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்கினால் போய்விடும். தலைமுடியை மட்டும் சுருக்காதீர்கள், தொப்பி வைத்ததுபோல் ஆகிவிடும். காதோரம் பறக்கும் இழைகளை மெல்லிய பிரஷ்ஷால் நீங்களே வரைந்துவிடுவது நல்லது.

நிறத்தைச் சரிசெய்யும் முன், எல்லாவற்றுக்கும் மேல் தற்காலிகமாக ஒரு கறுப்பு வெள்ளை லேயர் போட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்த்தவரின் முடியும் பக்கத்தில் நிற்பவரின் முடியும் ஒரே அளவு கறுப்பாக இருக்கின்றனவா? இல்லையென்றால் அவருடைய லேயரில் மட்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸைத் தொடுங்கள். வெளிச்சம் பொருந்திய பிறகு அந்தக் கறுப்பு வெள்ளை லேயரை அணைத்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள்.

கால் தெரிந்தால் நிழல் கட்டாயம், அதுவும் இரண்டு. செருப்புக்கு அடியில், தரையைத் தொடும் இடத்தில் குறுகலான, அடர்ந்த நிழல் ஒன்று. இது இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். மற்றொன்று மற்றவர்களின் நிழல் விழும் திசையில் நீண்டு, போகப் போக மங்குவது. இரண்டையும் தனித்தனி லேயரில், கீழே உள்ளதைக் கருமையாக்கும் ‘மல்டிப்ளை’ முறையில் வரையுங்கள். தூய கறுப்பு வேண்டாம். படத்தில் ஏற்கெனவே இருக்கும் நிழலிலிருந்தே நிறத்தை எடுங்கள். இத்தனை பாடும் வேண்டாமென்றால் அவரைப் பின்வரிசையில், யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

கடைசியாகப் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். குழுப் படம் புள்ளி புள்ளியாக இருந்து, சேர்த்தவர் மட்டும் வழவழப்பாக இருந்தால் அவர்மீது கொஞ்சம் ‘நாய்ஸ்’ தூவுங்கள். மற்றவர்களைவிடக் கூர்மையாகத் தெரிந்தால் லேசாக மங்கலாக்குங்கள்.

முடித்ததை ஜேபெக்காகக் கொடுங்கள், லேயர்கள் உள்ள கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ‘இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கட்டும்’ என்று மறுநாளே கேட்பார்கள்.