தர்மபுரித் தண்ணீரும் என் இரண்டு பெண்களின் பல்லும்

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட எனக்குப் பல் தெரியாது. போட்டோ எடுத்தவர் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று கெஞ்சிப் பார்த்தார். நான் உதட்டைத் திறக்கவில்லை. பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். மேல் முன்பல் நான்கிலும் குறுக்கே காவிப் பட்டை ஓடும். அது பல்லின் மேல் படிந்த கறை இல்லை. அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த புளோரைடு என்ற தாதுவால், பல் ஈறுக்குள் உருவாகும்போதே உள்ளே விழுந்தது. எதைப் போட்டு விளக்கினாலும் போகாது.

இப்போது தர்மபுரி டவுனை ஒட்டி இருக்கிறோம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்றரை. இந்த இரண்டு பேருக்கும் என் பல் வரக்கூடாது என்று, பெரியவளை வயிற்றில் சுமந்தபோதே முடிவு செய்துவிட்டேன். அதற்காக வீட்டில் தினமும் செய்வதை, நம் பக்கத்துத் தாய்மார்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு. பால்பல் விழுந்து முளைக்கப்போகிற பற்கள் எல்லாம் ஈறுக்குள் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் உடம்பில் புளோரைடு அதிகம் சேர்ந்தால் பல்லின் மேலோடான எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. எட்டு வயதுவரை இந்த ஆபத்து உண்டு. அதிலும் முன்பற்களுக்கு முதல் மூன்று வருடங்கள்தான் மிக முக்கியம். "பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் முன்பல்லுக்கான காலம் கடந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். புளோரைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ஊர் நிலத்தடிப் பாறையிலேயே அது இருக்கிறது. ஆழத்தில் பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கிய தண்ணீரில் கரைந்து மேலே வருகிறது. உங்கள் போரில் அதிகமாகவும் பக்கத்து வீட்டுப் போரில் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே பரிசோதித்தே ஆகவேண்டும். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். மாவட்டத்தில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவுகோல். எங்கள் போர் அதையும் தாண்டியிருந்தது.

ஒகேனக்கல் தண்ணீர் வருவதால்தான் எங்களுக்கு மூச்சு விட முடிகிறது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-ல் திறந்த திட்டம் அது. புளோரைடு அதிகமாகிப் பல்லும் எலும்பும் கெடுவதற்குப் பெயர் புளோரோசிஸ்; அந்தத் திட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. நம் பல்லுக்காகவும் எலும்புக்காகவும் காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரில் வாசல் தெளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் வீட்டில் நீலக் குடம் ஆற்றுத் தண்ணீருக்கு, பச்சைக் குடம் போர் தண்ணீருக்கு. குடிக்க, சமைக்க நீலம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் பச்சை. தோல் வழியாகப் பல்லுக்குக் கெடுதல் போகாது. குழந்தைக்கு எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். சின்னவள் இரண்டு வயதிலேயே சொம்பைத் தூக்கிக்கொண்டு நேராக நீலக் குடத்துக்குப் போவாள்.

சமையலுக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல வீடுகளில் குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் வைத்துவிட்டு, உலையைப் போர் தண்ணீரில் வைக்கிறார்கள். சோறும் களியும் எவ்வளவு தண்ணீரை உள்ளே இழுக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

போன கோடையில் நாலைந்து நாள் ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை. அத்தை போர் தண்ணீரை அண்டாவில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, நீலக் குடத்தில் ஊற்றிவைத்துவிட்டார். "நல்லா தளதளன்னு கொதிக்கவெச்சுட்டேன் கண்ணு, ஒண்ணும் பண்ணாது." பேத்திகள் மேல் உள்ள பாசத்தில் செய்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னேன்: "அத்தை, கிருமி செத்துடும். ஆனா இது உப்பு மாதிரி. குழம்பு சுண்டினா உப்பு கரிக்குதில்ல, அப்படி இன்னும் கூடிப்போயிடும்." உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. சாதாரண வடிகட்டியும் புற ஊதா விளக்கு மெஷினும்கூட இதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும். தண்ணீர் வராத நாளுக்கென்று மூடிபோட்ட இரண்டு கேன்களில் ஆற்றுத் தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறோம்.

பால் இல்லாத வரட்டீயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தேயிலையிலும் புளோரைடு உண்டு. பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா நிறையக் கொடுங்கள்.

இனி பல் விளக்குவது. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பேஸ்ட் வளைந்து கிடக்கும். அதை மறந்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணி அளவு. சின்னவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள், பேஸ்டிலும் புளோரைடு இருக்கிறது. சொத்தையைத் தடுக்க அது வேண்டும், வயிற்றுக்குள் போகக்கூடாது. தண்ணீரிலேயே புளோரைடு அதிகம் என்றால், எந்தப் பேஸ்ட் என்பதைப் பல் டாக்டரிடம் தண்ணீர் ரிசல்ட்டைக் காட்டிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ட்யூபை அமுக்குவது நான்தான். அது மேல் அலமாரியில் இருக்கும்.

சின்னவளைக் கண்ணாடி முன் ஸ்டூலில் நிறுத்தி, பின்னால் நின்று, அவள் தலையை என் மார்பில் சாய்த்துக்கொள்வேன். இடது கையால் தாடையைத் தாங்கி, வலது கையால் விளக்குவேன். முன்னால் நின்று விளக்கினால் அவள் தலை பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும், கடைவாய் எட்டாது. அடம்பிடிக்கும் நாளில் பாயில் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டால் வாய் முழுக்கத் தெரியும். துப்பக் கற்றுக்கொடுப்பதற்கு வெறும் தண்ணீரை வைத்து வாசலில் தினம் ஒரு விளையாட்டு நடந்தது. யார் துப்புவது செம்பருத்திச் செடிவரை போகிறது என்று அக்காவும் தங்கையும் போட்டி. ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

ராத்திரி விளக்குவதைத்தான் நான் ஒருநாளும் விடமாட்டேன். காலையில் பள்ளி வேன் அவசரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும், ராத்திரி சோற்றுக்குப் பிறகு நிதானமாக நடக்கும். பெரியவள் தானே விளக்குவாள், அதற்குமேல் நான் ஒரு சுற்று.

ஆறு வயதை ஒட்டி, பால்பல் வரிசைக்குக் கடைசியில் பெரிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், இதுவும் பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். பிரஷைக் குறுக்காக வைத்து அந்தப் பல்லின் பள்ளத்தைத் தனியாகத் தேயுங்கள்.

போன மாதம் பெரியவளுக்கு மேல் முன்பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நுனியில் மூன்று சின்ன மேடு, ரம்பம் மாதிரி. புதுப்பல் அப்படித்தான் முளைக்கும், போகப்போகத் தேய்ந்து சமமாகிவிடும். கோடு எதுவும் இல்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

அவள் என் வாயைப் பார்த்துக் கேட்டாள்: "நீ சின்ன வயசுல பல்லு விளக்கவே இல்லையாம்மா?"

நான் படித்த பள்ளியிலும் ஒரு டீச்சர் இதையே கேட்டு, எல்லார் முன்னாலும் என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். ஆகவே பதிலை நிதானமாகச் சொன்னேன். "தினமும் விளக்கினேன் சாமி. அப்போ எங்க ஊர்ல நீலக் குடம் இல்ல. உன் கிளாஸ்ல யாருக்காவது இப்படிப் பல்லு இருந்தா, அவங்க மேல தப்பு இல்ல. ஒட்டிக்கவும் ஒட்டிக்காது. பக்கத்துலயே உக்காரு."

"எங்க கிளாஸ்ல ரெண்டு பேருக்கு இருக்கும்மா" என்றாள். "அவங்க வீட்லயும் நீலக் குடம் வாங்கச் சொல்லட்டா?"