செடிக்குக் கந்தகம் அடிக்கும் முன் வெயிலைப் பாருங்கள்

இலையின் மேல் மாவு தூவியது போல வெள்ளையாகப் படர்ந்திருந்தால், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தால், அது பெரும்பாலும் சாம்பல் நோய்தான். கந்தகம் இதற்கு நன்றாகவே கேட்கும். ஆனால் இலையைத் திருப்பியும் பாருங்கள். மேலே மஞ்சள் திட்டும் அதற்கு நேர் கீழே சாம்பல் நிறப் பூசணமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய், அதற்குக் கந்தகம் அடிப்பது வீண் வேலை.

வாங்கும்போது நனையும் கந்தகம் என்று கேட்டு வாங்குங்கள். கந்தகம் தண்ணீரில் கரையவே கரையாது, வெறும் தூளைக் கொட்டினால் மேலேயே மிதக்கும். நனையும் கந்தகத்தில் தண்ணீரோடு சேர்வதற்கான பொருளையும் கலந்திருப்பார்கள், பெரும்பாலும் 80 சதவீதம் கந்தகம் இருக்கும். அளவு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை வரும். உங்கள் பாக்கெட்டில் வேறு மாதிரி போட்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். முதலில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, அப்புறம் மீதித் தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். இது கரைசல் இல்லை, நுண்ணிய துகள்கள் தண்ணீரில் மிதக்கிற கலவை, அதனால் தெளிக்கும்போது நடுநடுவே தெளிப்பானைக் குலுக்காவிட்டால் எல்லாம் அடியில் தங்கி, சில செடிக்குக் கெட்டி மருந்தும் சில செடிக்கு வெறும் தண்ணீரும் போய்ச் சேரும்.

சரி, எப்போது அடிப்பது? பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் போகும் நாளில் அடித்தால் இலை கருகும், பூசணத்தைவிட மருந்தே செடியை அதிகம் படுத்திவிடும். ரொம்பக் குளிரிலும் பலன் குறைவு, ஏனென்றால் கந்தகத்தின் வேலையில் ஒரு பங்கு அதன் ஆவியால் நடக்கிறது. எண்ணெய் சேர்ந்த மருந்து, வேப்பெண்ணெய் உட்பட, அடித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். வெள்ளரி, பூசணி வகைகளில் சில கந்தகத்தைத் தாங்காது, அவற்றுக்கு ஓர் இலையில் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள்.

இன்னொன்று, ஏற்கனவே வெள்ளை பிடித்துப்போன இலையைக் கந்தகம் பழையபடி பச்சையாக்காது. பூசண விதைகள் முளைப்பதைத் தடுப்பதுதான் அதன் வேலை, எனவே முதல் புள்ளி தெரிந்ததுமே இலையின் இரண்டு பக்கமும் நனைய அடியுங்கள். மழை கழுவிவிட்டால் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

கண்ணில் பட்டால் நன்றாக எரியும், கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கந்தகம் என்றதும் அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று பயப்பட வேண்டாம், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் நாற்றம். மீதித் தூளை ஈரமும் நெருப்பும் அண்டாத இடத்தில் மூடி வையுங்கள், பற்றிக்கொண்டால் வரும் சல்ஃபர் டை ஆக்சைடு மூச்சை அடைத்துவிடும்.