சமோவாக்காரர் போன வழியில் பிள்ளையை ரக்பிக்கு அனுப்புமுன்

1995 ஜூன் 10 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதி. தென்னாப்பிரிக்கா, பசிபிக் தீவு நாடான மேற்கு சமோவாவை (இன்றைய சமோவா) 42-14 என்று வென்றது. தென்னாப்பிரிக்காவின் செஸ்டர் வில்லியம்ஸ் மட்டும் 4 ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது) போட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரக்பி யூனியன் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமானது. அன்று முதல் சமோவா ஆட்டக்காரருக்குத் தொழில் என்றால் ஊரைவிட்டுக் கிளம்புவதுதான். ஊரில் முழுநேரச் சம்பளம் தரும் லீக் இல்லை. நியூசிலாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் என்று ஒப்பந்தம் கிடைத்த இடமே வீடு.

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளரும் நம் பையனுக்கு ஊரிலேயே ஷார்க்ஸ் அணி இருக்கிறது. ஆனால் நாடு முழுக்க ஷார்க்ஸ், புல்ஸ், ஸ்டார்மர்ஸ், லயன்ஸ் என்று பெரிய அணிகள் நான்குதான். 18 வயதுக்குட்பட்டோருக்கான கிரேவன் வீக் பள்ளிப் போட்டியில் கண்ணில் படாத பையனுக்குப் பல்கலைக்கழக அணி வழியாக ஒரு வாசல் உண்டு. அதுவும் அடைபட்டால் வெளிநாடுதான். அதனால் சமோவாக்காரர் எதை முதலில் முடிவு செய்கிறார், எங்கே சறுக்குகிறார் என்று தெரிந்துகொள்வது நமக்கு உதவும்.

எந்த நாட்டுச் சட்டை

முதல் வேலை, பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுப்பது. ஆட்டத்தை நிர்வகிக்கும் 'உலக ரக்பி' அமைப்பின் விதிப்படி ஒருவர் தான் பிறந்த நாட்டுக்கு ஆடலாம். தாய், தந்தை, தாத்தா, ஆயா இவர்களில் ஒருவர் பிறந்த நாட்டுக்கும் ஆடலாம். இவை எதுவும் இல்லையென்றால் அந்த நாட்டு ரக்பி சங்கத்தில் தொடர்ந்து 60 மாதம் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது மொத்தம் பத்து ஆண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும். முன்பு தொடர்ந்து 36 மாதம் குடியிருந்தாலே போதும் என்று இருந்தது.

2022 ஜனவரியிலிருந்து இன்னொரு கதவும் திறந்தது. ஒரு நாட்டுக்கு ஆடியவர் கடைசி ஆட்டத்துக்குப் பின் 36 மாதம் காத்திருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கோ ஒரே ஒரு முறை மாறலாம். 2015 முதல் 2017 வரை ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து நாட்டு அணி) சட்டை போட்ட லிமா சொபோஆகா, 2023 உலகக் கோப்பையில் சமோவாவுக்கு ஆடியது இப்படித்தான்.

இந்தச் சாவி நம் வீட்டுப் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. நம் முன்னோர் 1860க்கும் 1911க்கும் இடையில் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள். இன்றைய பையனின் தாத்தாவும் ஆயாவும் நேட்டாலில் பிறந்தவர்களாகவே இருப்பார்கள். கொள்ளுத்தாத்தா கணக்கில் வரமாட்டார். ஆகவே வெளிநாட்டு கிளப்புக்குப் போகும் பையன் அந்த நாட்டுக்கு ஆட நினைத்தால் 60 மாதக் கணக்குதான் பெரும்பாலும் வழி. சங்கப் பதிவுக்கும் குடியேறிய தேதிக்குமான சான்றுகளையும் பாஸ்போர்ட் முத்திரைகளையும் முதல் நாளிலிருந்தே நகலெடுத்து வையுங்கள். செவன்ஸ் (எழுவர் ரக்பி) நாட்டு அணிக்கு ஆடினாலும் அந்த நாட்டோடு கட்டுப்பட்டுப் போகலாம். "சும்மா ஒரு டூர்" என்று யாராவது கூப்பிட்டால் விதியைக் கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

டாக்கிள்

ஐந்து உலகக் கோப்பைகள் ஆடிய சமோவாவின் பிரையன் லிமாவுக்கு 'கைரோபிராக்டர்' என்று பட்டப்பெயர். அவர் இடித்தால் எலும்பெல்லாம் இடம் மாறும் என்ற அர்த்தத்தில் வைத்தது. பையன்கள் அந்தப் பழைய காட்சிகளைப் பார்த்துவிட்டு அப்படியே மோதப் பார்க்கிறார்கள். இன்றைக்குத் தலையில் பட்டால் சிவப்பு அட்டை வரலாம், கூடவே சில வாரத் தடையும். டாக்கிள், அதாவது பந்தோடு ஓடி வருபவரை மடக்கி வீழ்த்துவதை, தாழ்ந்து செய்யப் பதின்மூன்று வயதிலேயே உடம்பில் ஏற்றிவிட வேண்டும்.

ஓடி வருபவரின் வலப்பக்கம் மோதப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தோளால் இடிக்கிறானோ அந்தப் பக்கக் காலைத்தான் முன்னால் ஊன்ற வேண்டும், எதிராளியின் பாதத்துக்கு ஒரு முழத்துக்குள். முழங்காலும் இடுப்பும் மடியலாம், முதுகு வளையக்கூடாது. கண் எதிராளியின் தொடையில், தாடை நிமிர்ந்திருக்க வேண்டும். தோள் தொடையில் பட்டதும் தலை அவருடைய புட்டத்துக்குப் பின்னால் ஒட்டி நிற்க, கன்னம் துணியைத் தொடும். அதற்குப் பிறகு இரண்டு கையும் சுற்றிப் பூட்டும், கால் ஐந்தாறு சின்ன அடி வைத்துத் தள்ளும்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. ஊன்றும் கால் தூரத்தில் நின்றுவிட்டால் கையை மட்டும் நீட்டிப் பிடிப்பான்; தோள் மூட்டு கழல்வது அப்போதுதான். கடைசி நொடியில் கண்ணை மூடினால் தலை தானாகக் கவிழும், கழுத்துக்கு ஆபத்து. தலையை எதிராளிக்கு முன்னால் கொடுத்தால் அவருடைய முழங்கால் நேராக நெற்றியில் ஏறும்.

முதல் வாரம் முழங்காலிட்டு, அடுத்து நடந்து, அதற்கப்புறம் 5 மீட்டர் அகலப் பாதையில் மெதுவோட்டம். தோளுக்கு 8 முறை, வாரம் இரண்டு நாள், பயிற்சியின் தொடக்கத்திலேயே. களைத்த பிறகு செய்தால் கெட்ட பழக்கம்தான் படியும்.

பயிற்சியாளரிடம் பாக்ஸ்மார்ட் (தென்னாப்பிரிக்க ரக்பியின் பாதுகாப்புப் பயிற்சித் திட்டம்) சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியது அது. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தலையில் அடிபட்ட பையன் அன்று மறுபடி மைதானத்தில் இறங்கக்கூடாது. பள்ளிப் பையன் என்றால் மூன்று வாரம் ஆட்டமே இல்லை என்று முடிவாக வைத்துக்கொண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே அனுப்புங்கள்.

சாப்பாடு

எடை ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். 80 கிலோ பையனுக்கு 128 கிராம். மூன்று முட்டை, டின் மீன் கறியில் 200 கிராம் மீன், 150 கிராம் வெந்த கோழி, அரை லிட்டர் அமாசி (புளித்த பால்), ஒரு கப் சுகர் பீன்ஸ், இவ்வளவிலேயே கிட்டத்தட்ட வந்துவிடும். விலை உயர்ந்த பவுடர் டப்பா தேவையில்லை. பள்ளி ரக்பி பருவம் ஆகஸ்டோடு ஓய்வதால் புரட்டாசி விரதம் ஆட்டத்தைக் கெடுக்காது. ஆனால் எடை தூக்கி உடம்பு ஏற்றும் காலம் அதுதான். அந்த மாதம் பருப்பு, பனீர், வேர்க்கடலை, சோயா மின்ஸ் இவற்றின் அளவைக் கூட்டாமல் இறைச்சியை மட்டும் நிறுத்தினால் எடை இறங்கிவிடும்.

ஒப்பந்தம்

சமோவா ஆட்டக்காரர்கள் அதிகம் நொந்தது இங்கேதான். நாட்டு அணிக்குப் போகமாட்டேன் என்றால் நல்ல சம்பளம் என்று சில கிளப்கள் மறைமுகமாக நெருக்கின. உலக ரக்பியின் 9ஆம் விதிப்படி, குறித்த காலங்களில் கிளப் ஆட்டக்காரரை நாட்டு அணிக்கு விட்டே ஆக வேண்டும்; அதைத் தடுக்கும் வரி ஒப்பந்தத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றபடி சம்பளம் வரிக்கு முன்பா பின்பா, எந்தப் பணத்தில், எந்தத் தேதியில் என்று எழுத்தில் வேண்டும். காயம் பட்டால் எத்தனை மாதம் சம்பளம் ஓடும், அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் ஒப்பந்தம் செல்லுமா என்பதும் அப்படியே. ஏஜென்டின் பங்கு பொதுவாக 5 முதல் 10 சதவீதம்; பையனிடமும் கிளப்பிடமும் இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்று கேளுங்கள். பிரெஞ்சிலோ ஜப்பானியத்திலோ இருக்கும் ஒப்பந்தத்தை ஏஜென்ட் வாயால் விளக்கினால் போதாது. வேறொருவர் மொழிபெயர்த்துத் தர வேண்டும். நம் நாட்டில் ஆடும்போது மைபிளேயர்ஸ் என்ற ஆட்டக்காரர் அமைப்பிடம் ஆலோசனை கேட்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும் பணம்

சமோவாவில் கல்யாணம், சாவு, குடும்பத் தலைவர் பட்டமேற்பு என்று உறவுக்கூட்டம் முழுக்கச் சேர்ந்து கொடுக்கும் கடமைக்கு ஃபாலவேலவே என்று பெயர். நம் சீரும் மொய்யும் போலத்தான், அளவு பெரியது. வெளிநாட்டில் ஆடும் பிள்ளையின் சம்பளம் அதில் கரைவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த துயரம். கொடுக்காதே என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். 6 மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் சேரும்வரை வீட்டுக்கு மாடி கட்ட வேண்டாம். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது வர அவ்வளவு நாள் ஆகலாம்.

திரும்பி வரும் விமானச் சீட்டும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கிளப் இடையில் கைவிட்டாலும் செல்லும்படி. விசா வேலைக்கென்று கிளப் வாங்கிக்கொண்ட பாஸ்போர்ட்டை அதன் அலுவலக அலமாரியிலேயே விட்டுவைக்காமல் அதே வாரம் பையன் கையில் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.