மெம்பிரேன் மாற்றிய பிறகு ஆர்.ஓ. இயந்திரம் தகராறு செய்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தில், உப்பை வடிகட்டும் சவ்வுச் சுருளான மெம்பிரேனைப் புதிதாகப் போட்ட மறுநாளே தண்ணீர் உப்புக் கரித்தாலோ, டேங்க் நிரம்ப முன்பைவிட அதிக நேரம் பிடித்தாலோ, கழிவுநீர்க் குழாய் நிற்காமல் ஓடினாலோ, பெரும்பாலானோர் முதலில் சந்தேகிப்பது புதிதாக வாங்கிய மெம்பிரேனைத்தான். கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்து இன்னொன்றும் வாங்கிவிடுகிறார்கள். சந்தையில் போலிகள் இருப்பது உண்மையே. ஆனால் மெம்பிரேனை மாற்றுவதற்காகக் கழற்றி மாட்டப்படும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), எல்போ (வளைந்த குழாய் இணைப்பு), மெல்லிய குழாய், ரெஸ்ட்ரிக்டர் (கழிவுநீரின் வழியைக் குறுக்கும் உறுப்பு) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இடம் மாறியிருந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரம் இன்று கெட்டிருந்தால், கை பட்ட இடங்களை முதலில் பார்ப்பதே முறை.

அளக்காமல் கழற்றுவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு இதுதான். திருப்புளியை எடுப்பதற்கு முன் நான்கு அளவுகள் கையில் இருக்க வேண்டும்: இயந்திரத்துக்குள் வரும் நீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு), மெம்பிரேனிலிருந்து வெளிவரும் தூய நீரின் டிடிஎஸ், ஒரு நிமிடத்தில் சேரும் தூய நீரின் அளவு, அதே நிமிடத்தில் வெளியேறும் கழிவுநீரின் அளவு. இதற்கு டிடிஎஸ் மீட்டர் ஒன்றும், மி.லி. கோடு போட்ட குவளை ஒன்றும், கைப்பேசியிலுள்ள கடிகாரமும் போதும்.

தூய நீரை எங்கே பிடித்து அளப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இயந்திரத்தின் முன்பக்கக் குழாயில் வரும் நீர் மெம்பிரேனிலிருந்து மட்டும் வந்த நீர் அல்ல. டிடிஎஸ் அட்ஜஸ்டர் உள்ள இயந்திரங்களில், மெம்பிரேன் வழியாகப் போகாத நீரின் ஒரு பங்கு யுஎஃப் (நுண்வடிகட்டி) அல்லது யுவி (புறஊதா விளக்கு) வழியாக மட்டும் வந்து அதில் கலக்கிறது. மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதுவும் தன் பங்குக்கு டிடிஎஸ்ஸைக் கூட்டும். பழைய மெம்பிரேன் தேய்ந்து வந்த காலத்தில் சர்வீஸுக்கு வந்தவர் அந்த அட்ஜஸ்டரை அவ்வப்போது திருகிவிட்டிருப்பார். புது மெம்பிரேன் போட்ட பிறகும் அது பழைய நிலையிலேயே நின்றால், குழாயில் காணும் எண்ணுக்கும் மெம்பிரேனின் தரத்துக்கும் தொடர்பே இருக்காது. ஆகவே மெம்பிரேன் இருக்கும் உறையான ஹவுசிங்கின் தூய நீர் வாயிலுள்ள குழாயைக் கழற்றி, அங்கேயே பிடித்து அளக்க வேண்டும்.

இயந்திரத்தை ஓடவிட்ட உடனே வரும் முதல் குவளையையும் கணக்கில் கொள்ளக் கூடாது. இயந்திரம் நின்றிருக்கும் நேரத்தில், அழுத்தம் இல்லாததால், கழிவுப் பக்கத்து உப்பு மெல்ல மெல்ல தூய நீர்ப் பக்கம் கசிந்து சேர்ந்திருக்கும். ஐந்து, பத்து நிமிடம் ஓடிய பிறகு எடுத்த அளவே நம்பத் தக்கது. உள்ளே வரும் நீரையும் அதே வேளையில் அளந்தாக வேண்டும். காலையில் லாரித் தண்ணீரும் மாலையில் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் ஏறும் சென்னை வீடுகளில் போன வாரத்து எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய எண்ணை எடைபோட முடியாது.

கணக்கு எளியது. உள்ளே 1200, வெளியே 60 என்றால், 1140 நீங்கியிருக்கிறது. அதாவது 95 சதவீதம். நல்ல நிலையிலுள்ள வீட்டு மெம்பிரேன் 90 சதவீதத்துக்கு மேல் உப்பை நீக்க வேண்டும். வெளிவரும் நீரின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'முன்பு 30 காட்டியது, இப்போது 90 காட்டுகிறதே' என்று பதறுவோர், உள்ளே வரும் நீர் 500-லிருந்து 1500-க்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டு இடத்திலும் நீங்கியது 94 சதவீதம்தான்.

டிடிஎஸ்ஸையும் ஓட்டத்தையும் தனித்தனியாகப் படிப்பது

இந்த இரண்டு அளவுகளையும் சேர்த்துப் படித்தால், ஹவுசிங்கைத் திறக்காமலே கோளாறு இருக்கும் பக்கம் தெரிந்துவிடும். தூய நீரின் டிடிஎஸ் கூடியிருக்கிறது, அதன் ஓட்டமும் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்றால், எங்கோ ஓர் ஓட்டை வழியாக உப்பு நீர் நேரடியாகத் தூய நீருடன் கலக்கிறது. டிடிஎஸ் கூடி, ஓட்டம் குறைந்திருந்தால், போதிய அழுத்தம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். டிடிஎஸ் நன்றாக இருந்து ஓட்டம் மட்டும் குறைந்திருந்தால், தண்ணீரின் குளிர்ச்சியையோ தூய நீர் போகும் வழியிலுள்ள அடைப்பையோ பார்க்க வேண்டும்.

ஓட்டை என்றதும் முதலில் பார்க்க வேண்டியது மெம்பிரேனின் நடுக்குழாய் நுனியிலுள்ள இரண்டு சிறிய ஓ-ரிங்குகள். இவைதான் கழிவுநீரையும் தூய நீரையும் பிரித்து நிறுத்துபவை. மெம்பிரேனை ஹவுசிங்கின் அடிவரை தள்ளாமல் பாதியிலேயே விட்டு மூடியைத் திருகினாலோ, ஓ-ரிங் மடங்கிக்கொண்டாலோ, பழைய மெம்பிரேனை உருவும்போது அதன் ஓ-ரிங் ஒன்று உள்ளேயே தங்கிப் புதியதற்கு இடைஞ்சலாக நின்றாலோ, 98 சதவீதம் நீக்கும் மெம்பிரேன்கூட 60 சதவீதம் நீக்குவதுபோல் காட்சி தரும். மெம்பிரேன் இறுதியில் 'பொதுக்'கென்று உள்ளே அமர்வது கைக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் அமரவில்லை என்றே பொருள். வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும் என்பதற்காக வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுவது நம் ஊர்ப் பழக்கம். அது ரப்பரை ஊதவைத்து நாளடைவில் கெடுத்துவிடும். சுத்தமான தண்ணீரில் நனைத்தால் போதும். அதற்கும் இறுகினால் கிளிசரின் அல்லது உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் துளி போதுமானது.

மெம்பிரேனின் மறுமுனையில் வெளிச்சுற்றாக இருக்கும் அகன்ற ரப்பர் வளையத்தை ஓ-ரிங் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு வேலை செய்வது. உள்ளே வரும் நீர் மெம்பிரேன் சுருளுக்கும் ஹவுசிங் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே நழுவிக் கழிவுக்குப் போய்விடாமல், சுருளுக்குள்ளேயே நுழையும்படி அது தடுக்கிறது. அதன் விரிந்த உதடு, நீர் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். இது பிய்ந்திருந்தாலோ மாறி அமர்ந்திருந்தாலோ முதல் நாளில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். சுருளுக்குள் நீரோட்டம் மந்தமாகி, உப்பு அங்கேயே தங்கிப் படிந்து, மெம்பிரேன் தன் காலத்துக்கு வெகு முன்பே செத்துப்போகும். பழி வழக்கம்போல் கம்பெனி மீது விழும்.

கழிவுநீர்க் குழாயில் செய்யும் பிழைகள்

ஹவுசிங்கின் ஒரு முனையில் அருகருகே இருக்கும் இரண்டு வாய்களில் ஒன்று தூய நீருக்கு, மற்றொன்று கழிவுக்கு. இவற்றின் குழாய்களை மாற்றிச் செருகுவது நினைப்பதைவிட எளிது. நடுவில் அமைந்திருப்பதே தூய நீர் வாய், மற்றது கழிவு. கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பவர் இந்தக் குழப்பத்துக்கு ஆளாவதில்லை. தூய நீர் எல்போவுக்குள் நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் சிறிய வால்வு ஒன்றும் இருக்கலாம். புது எல்போ போடும்போது அது உள்ள வகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மெக்கானிக்குகள் எஃப்ஆர் என்று சுருக்கமாகச் சொல்லும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். கழிவுநீரின் வழியைக் குறுக்கி, ஹவுசிங்குக்குள் அழுத்தத்தை எழுப்பி நிறுத்துவதே அந்தச் சிறு உருளைதான். அது இல்லாவிட்டால் பம்ப் எவ்வளவு கத்தினாலும் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்கே போகும். சில இயந்திரங்களில் அது தனி உறுப்பாக வெளியே தெரியாமல், கழிவுக் குழாய்க்குள்ளேயே நுண்குழாயாகச் செருகப்பட்டிருக்கும். பழைய குழாய் அழுக்காக இருக்கிறதே என்று வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் மாட்டுவோர், ரெஸ்ட்ரிக்டரையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, பழைய ரெஸ்ட்ரிக்டரை அப்படியே விட்டுவிடுவது. கடின நீர் ஓடிய இடத்தில் சுண்ணாம்பு படிந்து அதன் துளை அடைத்திருக்கலாம். கழிவுநீர் குறைவதைப் பார்த்துத் தண்ணீர் மிச்சமாகிறது என்று மகிழ்வோர் உண்டு. கழிவு குறையக் குறைய மெம்பிரேனுக்குள் உப்புச் செறிவு ஏறி, புதியதும் சீக்கிரமே படிமம் பிடித்துவிடும். மெம்பிரேனின் திறனுக்கு ஏற்ற எண்ணுள்ள ரெஸ்ட்ரிக்டரைச் சேர்த்தே மாற்றுவது நல்லது. 75 அல்லது 80 ஜிபிடி (நாளொன்றுக்கு எத்தனை காலன் தூய நீர் என்ற அளவு) மெம்பிரேனுக்கு 450 எண்ணுள்ளது பரவலாகப் போடப்படுகிறது. ஒரு பங்கு தூய நீருக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு கழிவு என்ற அளவில் இருந்தால் பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் கவலை இல்லை.

டேங்க் நிரம்பி, பம்ப் நின்ற பிறகும் கழிவு ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் மெம்பிரேனுக்கும் சம்பந்தமில்லை. நீர் வரும் வழியில் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்குள் தூசியோ கார்பன் துகளோ மாட்டி, அது முழுதாக மூடாமல் நிற்கிறது.

ஓட்டம் குறைந்தால் பெட்டியிலுள்ள எண்ணைக் காட்டிச் சண்டையிடுவது

75 ஜிபிடி என்றால் நாளொன்றுக்கு 75 அமெரிக்கக் காலன், அதாவது சுமார் 284 லிட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மி.லி. இது 25 டிகிரி வெப்பநிலையில், உப்புக் குறைந்த நீரில், குறிப்பிட்ட அழுத்தத்தில் சோதித்த எண். நீரின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஓட்டம் தோராயமாக 3 சதவீதம் குறையும். ஊட்டியில் 13 டிகிரிக் குழாய் நீரில் ஓடும் இயந்திரம் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தருவது கோளாறு அல்ல. மே மாத மதியத்தில் மொட்டைமாடிக் கருப்புத் தொட்டியிலிருந்து வரும் சூடான நீரில் நடப்பது தலைகீழ்: ஓட்டம் கூடும், டிடிஎஸ்ஸும் கூடவே ஏறும். 45 டிகிரியைத் தாண்டிய நீர் மெம்பிரேனுக்கே ஆகாது. உப்பும் தன் பங்கைக் கேட்கும். நீரிலுள்ள ஒவ்வொரு 100 பிபிஎம் (டிடிஎஸ் மீட்டர் காட்டும் அலகு) உப்புக்கும் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஈடுகொடுப்பதிலேயே கரைந்துவிடுகிறது.

இவற்றைக் கழித்த பிறகும் ஓட்டம் குறைவாக இருந்தால் பம்புக்கு முன்னால் தேட வேண்டும். மண், தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, மூடி சரியாக இறுகாமல் காற்றை உறிஞ்சினாலோ, பம்பின் சத்தம் மாறும். மெல்லிய குழாயைக் கத்திரிக்கோலால் சாய்வாக வெட்டிச் செருகினாலும் அந்த இடத்தில் காற்றோ நீரோ கசியும். கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, முட்டும்வரை தள்ளிச் செருக வேண்டும். சமையல் மேடைக்கு அடியில் இரும்பு அழுத்தத் தொட்டியுடன் பொருத்தும் வகை இயந்திரமானால், அந்தத் தொட்டியின் வால்வை மூடி, தூய நீர்க் குழாயைத் திறந்து வைத்து ஓட்டத்தை அளக்க வேண்டும்; நிரம்பிய தொட்டியின் எதிரழுத்தம் நல்ல மெம்பிரேனையும் சோம்பேறியாகக் காட்டும்.

மெம்பிரேனை மட்டும் மாற்றுவது, கழுவாமல் குடிப்பது

வீட்டு மெம்பிரேனின் மேற்படலம் பாலிஅமைடால் ஆனது. குளோரின் அதன் எதிரி. மாநகராட்சிக் குடிநீரில் கிருமிகளுக்காகக் கலந்திருக்கும் குளோரினை அங்கே போய்ச் சேராமல் தடுப்பது கார்பன் ஃபில்டர் மட்டுமே. செலவை மிச்சம் பிடிக்கப் பழைய கார்பனை விட்டுவிட்டு விலை கூடிய மெம்பிரேனை மட்டும் மாற்றுவது, கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியம் அல்ல. ஹவுசிங்கை பிளீச்சிங் கரைசலால் கழுவி, அந்த வாடை போகும் முன்பே புது மெம்பிரேனைச் செருகுவதும் இதே வகை. கார்பனைப் புதிதாகப் போட்டால், அதிலிருந்து கழுவி வரும் கரும்பொடி மெம்பிரேனுக்குள் போகாதபடி, ஹவுசிங்குக்குப் போகும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, நீர் தெளியும்வரை ஓடவிட வேண்டும்.

புது மெம்பிரேனில் பாதுகாப்புக்காகச் சேர்த்த மருந்து இருக்கக்கூடும். முதல் இரண்டு டேங்க் நீரைக் குடிக்காமல் விடுவது வழக்கம். பாத்திரம் தேய்க்கவோ தரை துடைக்கவோ பயன்படுத்தலாம். உலர்ந்த நிலையில் வரும் மெம்பிரேன் முழுதாக நனைந்து நிலைபெற ஓரிரு நாள் ஆகும் என்பதால், முதல் மணி நேரத்து அளவை வைத்துக் கடைக்காரரிடம் ஓடுவதும் அவசரமே.

டிடிஎஸ் அட்ஜஸ்டரைத் திரும்ப அமைப்பது கடைசி வேலை. சுவைக்காக அதைத் தாராளமாகத் திறந்துவிடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கலப்பது சுவை மட்டும் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் உள்ள ஊர்களில், மெம்பிரேன் நீக்கிய ஃபுளோரைடு அந்த வழியாகவே திரும்பி வந்துவிடும். அங்கெல்லாம் அதை மூடி வைப்பதே சரி.

பழைய மெம்பிரேனை அன்றே குப்பையில் போடுவதும் தவறுதான். சுத்தமான நெகிழிப் பையில் ஈரத்தோடு கட்டி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் ஒரு வாரம் வைத்திருக்கலாம். உறைய விடக் கூடாது. புதியதன் மீது சந்தேகம் தீராதபோது பழையதைத் திரும்பப் பொருத்தி அதே நான்கு அளவுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் 80 சதவீதம் நீக்கிக்கொண்டிருந்த பழைய மெம்பிரேன் இப்போது 50 சதவீதம்தான் நீக்குகிறது என்றால் கோளாறு ஹவுசிங்கிலோ குழாயிலோதான் இருக்கிறது. பழையது தன் 80-ஐத் தந்து, ஓ-ரிங் சரியாக அமர்ந்த புதியது அதற்கும் கீழே நின்றால், பெட்டியையும் ரசீதையும் எழுதி வைத்த அளவுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.