மூன் டிஸ்க் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய அமெரிக்கக் கார்களான ஹாட் ராட் வண்டிகளின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சக்கரங்கள்தான். ஆரக்கால், துளை, நட்டு எதுவும் வெளியே தெரியாமல், ரிம்மின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை வழவழப்பான அலுமினியத் தகடு ஒன்று, நடுவில் சற்றே புடைத்தபடி பளபளத்துக்கொண்டிருக்கும். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும், 1949இல் ‘வேக வாரம்’ தொடங்கிய யூட்டா மாநிலத்துப் பானவில் உப்புச் சமவெளியிலும் ஓடிய பந்தயக்காரர்களுக்கு இது வேகத்துக்கான கருவியாக இருந்தது. சுழலும் சக்கரத்தின் துளைகளும் ஆரக்கால்களும் காற்றைக் கடைந்து வண்டியின் வேகத்தைக் குறைப்பதால், அவற்றை மூடிவிட்டால் அதே என்ஜினைக் கொண்டு இன்னும் சற்று வேகமாகப் போகலாம் என்பது அவர்களுடைய கணக்கு. சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸ் நகரில் பட்டறை வைத்திருந்த டீன் மூன் இத்தகடுகளை விற்றுப் புகழ்பெற்றதால், ‘மூன் டிஸ்க்’ என்ற பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பியின் முதல் கோப்ரா காரில் 1962இல் ஃபோர்டு வி8 என்ஜின் பொருத்தப்பட்டதும் அந்தப் பட்டறையில்தான்.

உப்புச் சமவெளியில் நேர்கோட்டில் ஓடுவதற்கென உருவான பொருளைச் சாலையில் ஓடும் வண்டிக்கு மாட்டும்போது சிக்கல்கள் தொடங்குகின்றன. இந்தத் தகடு சக்கரத்தை முழுவதும் மறைக்கிறது. நட்டு, வால்வு, பிரேக் டிரம் ஆகிய மூன்றும் அதன் பின்னால் போய்விடுகின்றன. நான் கவனித்தவரை, பொருத்துவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை மறைந்திருப்பவற்றை மறந்துவிடுவதால் வருபவையே.

வாங்கும்போதே நேரும் குழப்பம் ஒன்று உண்டு. சக்கரத்தின் நடுப்பகுதியை மட்டும் மூடும் சிறிய குரோம் கிண்ணத்துக்கு ‘பேபி மூன்’ என்று பெயர். அது வேறு, முழு மூன் டிஸ்க் வேறு. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கு வீண்செலவுதான் மிஞ்சும். எந்தக் காரில் மாட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1949 முதல் 1951 வரையிலான மெர்குரி போன்ற, தோற்றத்துக்காக மாற்றியமைத்துத் தாழ்த்திய கஸ்டம் கார்களில் காடிலாக்கின் ‘சோம்ப்ரேரோ’ மூடிகளையும், 1953ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் ஃபியஸ்டா, 1957ஆம் ஆண்டு டாட்ஜ் லான்சர் ஆகியவற்றின் மூடிகளையும் பொருத்துவது அக்காலத்து மரபு. மூன் டிஸ்க் அவ்வகைக் கார்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வண்டியின் மற்ற பாகங்கள் ஏரிப் படுகைப் பந்தயத்தின் சாயலில் இல்லையென்றால் அது தனித்து நிற்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது அளவு. 15 அங்குலச் சக்கரம் என்று நாம் சொல்வது டயர் அமரும் இடத்தின் விட்டத்தை. டயரைப் பிடித்து நிறுத்தும் வெளி விளிம்பு அதற்கு மேல் எழும்பி நிற்பதால், வெளிவிட்டம் அதைவிட ஒன்றேகால் அங்குலத்துக்கும் கூடுதலாக இருக்கும். ரிம்மில் நாடாவை வைத்து அளந்துவிட்டு அந்த எண்ணையே கடையில் சொல்பவருக்குத் தவறான தகடுதான் கிடைக்கும். பழைய ஃபோர்டு என்றாலே 16 அங்குலம் என்று நினைத்துக்கொள்வதும் தவறு: 1932ஆம் ஆண்டு வண்டிக்கு 18 அங்குலம், 1933–34இல் 17 அங்குலம், 1935இல்தான் 16 அங்குலத்துக்கு வந்தார்கள். விட்டத்தோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தின் கிரீஸ் மூடி ரிம்மின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், தகடு ஓரத்தில் சரியாக உட்காராமல் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

தகடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பின்புறப் பிடிகளால் ரிம்மில் அழுத்திப் பொருத்துவது. மற்றொன்று ஸ்க்ரூ கொண்டு முடுக்குவது. முதல் வகை சுலபமாகத் தோன்றுவதால் பலரும் அதை நாடுகிறார்கள். ஆனால் திருப்பங்களில் இரும்பு ரிம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நெளிகிறது, ஒவ்வொரு நெளிவிலும் மூடி ஒரு மயிரிழை நகர்கிறது. பல மைல் ஓடிய பிறகு அது தன் இடத்திலிருந்து சுழன்றிருக்கும். வால்வுக்கென வெட்டிய துளையின் ஓரம் அப்போது வால்வின் ரப்பர் காம்பை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருந்தால் அது கத்தியைப் போல வேலை செய்யும். காம்பு சிறிது சிறிதாக அறுபட்டு ஒரு நாள் டயரின் காற்று முழுவதும் இறங்கிவிடும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காரணமும் புரியாது. இதைத் தவிர்க்க, துளையைக் காம்பைவிடத் தாராளமான அளவில் வெட்டி, பிசிறை அரத்தால் நீக்கி, ஓரத்துக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். பொருத்திய அன்று தகட்டிலும் ரிம்மிலும் நேருக்கு நேராக ஒரு சிறு கோடு போட்டு வைத்தால், தகடு நகர்ந்திருக்கிறதா என்பதைப் பிறகு ஒரே பார்வையில் அறியலாம். பிடிகள் கவ்வுவதற்கான மேடு எல்லா ரிம்மிலும் இருப்பதில்லை என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் குறுந்தூரம் சீறிப் பாயும் ‘டிராக்’ (drag) பந்தயங்களை அமெரிக்காவில் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு அழுத்திப் பொருத்தும் மூடிகளைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. வேகத்தில் கழன்று பறக்கும் தகடு பார்வையாளர்மீது பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே இந்தத் தடையின் நியாயம் விளங்கும்.

ஸ்க்ரூ வகை உறுதியானது. ஆயினும் பொருத்துவதில் மிகப் பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது. தகட்டின் ஓரத்தையும் ரிம்மின் வெளி விளிம்பையும் சேர்த்துத் துளையிட்டு ஸ்க்ரூவை முடுக்கும்போது, அதன் முனை வெளிவரும் இடத்துக்கு ஒட்டினாற்போல் டயர் இருக்கிறது. கையில் கிடைத்த நீளமான ஸ்க்ரூவைப் போட்டால் அதன் கூர்முனை டயரின் ஓரத்தை ஒவ்வொரு சுற்றிலும் உரசும்; பல நாள் ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு வேகமான ஓட்டத்தில் டயர் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும். விளிம்பை விட்டுக் கீழே இறங்கி, டயர் அமரும் பகுதியில் துளையிட்டுவிட்டால் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்காது; டியூப் உள்ள டயர் என்றால் முனை டியூபையே குத்தும். ஆகவே டயரைக் கழற்றிய பிறகே துளையிட வேண்டும். எவ்வளவு குட்டையான ஸ்க்ரூ தகட்டைப் பிடித்து நிறுத்துமோ அதையே தேர்ந்தெடுத்து, மறுபக்கம் நீட்டும் முனையை அரத்தால் மழுக்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் டயரை மீண்டும் ஏற்ற வேண்டும். வார்ப்பு அலாய் ரிம்மில் துளை போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

சாலை வண்டிக்கு நான் பரிந்துரைப்பது பந்தயக்காரர்கள் சிலர் செய்யும் வேறொரு முறை. சக்கரத்தின் நடுத்தகட்டில் சிறு இரும்புத் தாங்கிகளைப் பற்றவைத்து, கால் சுற்று திருப்பினாலே பூட்டிக்கொள்ளும் ‘டிசுஸ்’ (Dzus) பூட்டுகளால் மூடியை அவற்றோடு இணைப்பது. ரிம்மின் விளிம்பு சேதமில்லாமல் இருக்கும், தகட்டைக் கழற்றி மாட்டுவதும் எளிது. ஆனால் டயர் ஏறிய ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் செய்யக் கூடாது. காற்றை இறக்கிவிட்டோம் என்பது பாதுகாப்பு ஆகாது. சூட்டில் ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயு உள்ளே சேர்ந்து, டயர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். டயரை முழுவதும் கழற்றி, சக்கர வேலையில் பழகிய வெல்டரிடம் ஒப்படைப்பதே முறை.

நட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கமே. தகட்டை மாட்டும் முன் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் கொண்டு உரிய அளவுக்கு முடுக்குங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குள் தகட்டைக் கழற்றி மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சக்கரமாக இருந்தால், நட்டின் அடியில் பெயின்ட் அமுங்கி இறுக்கம் குறைவது வழக்கம். திறந்த சக்கரத்தில் தளர்ந்த நட்டைச் சுற்றித் துருக்கோடு தெரிந்து எச்சரிக்கும். மூடிய சக்கரத்தில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. டயரின் காற்றழுத்தமும் அப்படித்தான். வால்வுக்குத் துளை விடாமல் தகட்டை முடுக்கிவிட்டு, காற்று பார்ப்பதற்கே சோம்பல்பட்டு மாதக்கணக்கில் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சக்கரச் சமநிலைக்காக ரிம்மின் வெளி விளிம்பில் கவ்வும் ஈயக் கட்டைகள் இருந்தால் தகடு அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்க முயல்வதால் ஓரம் நெளிகிறது. பலர் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தகட்டை மாட்டுகிறார்கள். பிறகு ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று தகட்டின்மேல் பழி போடுகிறார்கள். எடைகளை ரிம்மின் உள்பக்கத்தில் ஒட்டும் வகையாக மாற்றி, சக்கரத்தைப் புதிதாகச் சமன் செய்துகொண்ட பிறகு தகட்டைப் பொருத்த வேண்டும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, உப்புச் சமவெளியில் வண்டியை நிறுத்துவதற்கு மைல்கணக்கில் வெற்றுவெளி இருக்கிறது. மிக வேகமான வண்டிகளுக்குப் பாராசூட்டும் உண்டு. நகரத்துச் சிக்னல்களிலும் மலைப்பாதை இறக்கத்திலும் அந்த வசதி கிடையாது. சக்கரத் துளைகள் வழியே டிரம்முக்குக் கிடைத்த காற்றோட்டத்தைத் தகடு அடைத்துவிடுகிறது. சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலக, பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும், பிடிப்பும் குறையும். பழைய டிரம் பிரேக் வண்டியில் மலையேறப் போகிறவர் முன்சக்கரத் தகடுகளையாவது கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. தோற்றத்துக்காக இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இனிப் பராமரிப்பு. வட்டமாக வெட்டிய தகட்டை லேத்தில் அச்சோடு சேர்த்துப் பூட்டிச் சுழலவிட்டு, உருளை முனையால் அழுத்தி அச்சின்மேல் படிய வைத்தே இந்த மூடியைச் செய்கிறார்கள்; நம் வீட்டு அலுமினியப் பாத்திரங்கள் பலவும் இப்படித்தான் உருவாகின்றன. அந்த உருளை போன தடம் மெல்லிய வட்டக் கோடுகளாகத் தகட்டில் தெரியும். பாலிஷ் போடும்போது அந்தக் கோடுகளின் போக்கிலேயே துணியைச் சுற்ற வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் வெயிலில் தனியாகத் தெரியும். மேலே குரோம் பூச்சு கிடையாது, வெறும் அலுமினியம் என்பதை மறந்து, காஸ்டிக் கலந்த அடுப்புக் கிளீனரையோ அமிலம் கலந்த வீல் கிளீனரையோ தெளித்தால் சில நிமிடங்களிலேயே பரப்பு வெளுத்து மங்கிவிடும். மிதமான சோப்புநீரும் அலுமினியத்துக்கான பாலிஷும் போதும். ஸ்டீல் வுல் வேண்டாம், அதன் துகள்கள் பதிந்து துருப்புள்ளியாக மாறும்.

நசுங்கல் விழுந்தால் முன்பக்கத்திலிருந்து தட்ட வேண்டாம். தகட்டைக் கழற்றி, முகம் கீழாக மணல் பையின்மேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலாலோ மரச்சுத்தியலாலோ மெல்ல மெல்ல எழுப்ப வேண்டும். இரும்புச் சுத்தியல் பட்ட இடத்தில் உலோகம் நீண்டு புடைத்துவிட்டால் அதைத் திரும்ப அடக்குவது மிகக் கடினம். அழுத்திப் பொருத்தும் வகையைக் கழற்றும்போதும் ஒரே இடத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாமல், துணி சுற்றிய அகலமான பட்டையால் ஓரத்தைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். ஈரத்தில் உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் நைலான் வாஷரும், மரையில் இறுகிப்போகாமல் தடுக்கும் பசையும் போடுவதற்குக் காரணம் இதுவே. பானவில் போன்ற உப்பு நிலத்தில் ஓட்டி வந்த வண்டியாக இருந்தால் வெளிப்புறத்தை மட்டும் கழுவுவது போதாது. அன்றைக்கே தகடுகளைக் கழற்றி, பின்புறத்தையும் ரிம்மின் உட்குழிவையும் நல்ல தண்ணீரால் அலசி, நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் மாட்ட வேண்டும்.