ஸ்லமெத்தானைக் கிறிஸ்தவ ஜெபமாக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஸ்லமெத்தான் என்ற விருந்துச் சடங்கு என்றால் அக்கம்பக்கத்து ஆண்கள் பாயில் வந்து உட்காருவார்கள், எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பதை வீட்டுக்காரர் மரியாதை மொழியான கிரமாவில் சொல்வார், மோதின் எனும் ஊர் முஸ்லிம் மதப் பணியாளர் அரபியில் ஓதுவார், அப்புறம் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மீதியை ‘பெர்கத்’ என்று வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் இதைத் தங்கள் வழிபாடாக மாற்றும்போது பெரிய தவறு ஜெபத்தில் நடப்பதில்லை, யாரை அழைப்பது என்பதில்தான் நடக்கிறது. சபையாரை மட்டும் கூப்பிட்டு, பாட்டு, வேதவாசிப்பு, நீண்ட பிரசங்கம் என்று முடித்தால் அது நல்ல ஜெபக்கூட்டம்தான், ஆனால் ஸ்லமெத்தான் இல்லை. தெருவே ஒன்றாக உட்காருவதுதான் அதன் உயிர். முஸ்லிம் பக்கத்து வீட்டாரையும் அழையுங்கள், கோழியை அவர்களையே அறுக்கச் சொல்லுங்கள், அவர்கள் தயங்காமல் சாப்பிடுவார்கள்.

இன்னொன்று, பழையதை எல்லாம் வேரோடு பிடுங்குவது. 19ஆம் நூற்றாண்டில் சுரபாயாவில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய எம்டே என்ற ஜெர்மன் கடிகாரக்காரர், ஞானஸ்நானம் பெற்றவர்கள் முடியை வெட்ட வேண்டும், கமெலான் இசையும் வயாங் நிழற்பாவைக் கூத்தும் கூடாது என்றார். ஊர் அவர்களை ‘லண்டோ வுருங், ஜாவா தங்குங்’ என்றது, அதாவது டச்சுக்காரனாகவும் ஆகாதவன், முழு ஜாவாக்காரனாகவும் இல்லாதவன். அந்தப் பெயர் எவ்வளவு வலித்திருக்கும்!

அதற்காக, ஆவிகளுக்கு வைக்கும் சாஜென் படையலையும் சாம்பிராணியையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு சிலுவையை மாட்டுவதும் சரியில்லை. ஒவ்வொரு பொருளும் யாருக்காக வைக்கப்படுகிறது என்று பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கிழக்கு ஜாவாவின் மொஜோவர்னோ சபை அறுவடைச் சடங்கை ‘உண்டுஹ்-உண்டுஹ்’ என்ற நன்றித் திருவிழாவாக்கி, விளைச்சலை ஊர்வலமாக ஆலயத்துக்குக் கொண்டுவருகிறது. நெல்லும் ஊர்வலமும் மாறவில்லை, நன்றி யாருக்கு என்பதுதான் மாறியது.

மிகவும் கவனம் தேவைப்படுவது சாவு வீட்டில். 3, 7, 40, 100, கடைசியில் 1000ஆம் நாள் என்று ஜாவாக்காரர்கள் கூடுவார்கள். இறந்தவருக்காக ஜெபிப்பது கத்தோலிக்கருக்கு இயல்பு, சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாருக்கு அப்படி இல்லை. அதற்காக அந்த நாள்களையே ரத்து செய்துவிடாதீர்கள். ரத்து செய்தவனை அப்பாவை மறந்த பிள்ளை என்றுதான் ஊர் பார்க்கும். கூடுங்கள், குடும்பத்தின் ஆறுதலுக்காகக் கூடியிருக்கிறோம் என்று தொடக்க உரையிலேயே கிரமாவில் தெளிவாகச் சொல்லுங்கள். வர முடியாத வீட்டுக்கும் அன்றைக்கே ஒரு பெர்கத் போய்ச் சேரட்டும்.